லாரி ஓட்ட எவ்வளவு பார்வை வேண்டும்? விதியும் விலக்கும்

"கண்ணாடி போட்டா ஹெவி லைசென்ஸ் தரமாட்டான்பா." "ஒரு கண்ணு போச்சுன்னா அவ்ளோதான், ஸ்டியரிங்கையே தொட முடியாது." "அமெரிக்காவுல ஒத்தக் கண்ணோட பெரிய டிரெய்லரே ஓட்டுறானாம், இங்கதான் விடமாட்டேங்கிறான்."

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்து டீக்கடைகளிலோ ராணிப்பேட்டை லாரி ஷெட்டுகளிலோ கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். முதல் பேச்சு தவறு. இரண்டாவதில் பாதி சரி. மூன்றாவது உண்மைதான், ஆனால் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப் வழியாக வேலூர் வந்து சேர்வதற்குள் நிபந்தனைகள் எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன.

வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் குறுக்கே ஓடுகிறது சென்னை–பெங்களூரு சாலை. தோல், ஷூ, ரசாயனம் என எது போனாலும் வந்தாலும் லாரிதான். தெருவுக்கு ஒரு டிரைவராவது இருக்கிற பகுதி இது. அதனால் லாரி டிரைவரின் கண்ணைப் பற்றி விதி என்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது, விலக்கு என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பார்வைக்கும் ஒரு எஃப்.சி.

லாரிக்கு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்கும்போது என்ன நடக்கிறது? பிரேக்கைத் தனியாகப் பார்க்கிறார்கள், டயரைத் தனியாக, ஹெட்லைட்டைத் தனியாக. "டயர் எல்லாம் புதுசு சார்" என்று சொன்னதற்காகப் பிரேக் பிடிக்காததை யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடு கட்டாது.

கண்ணும் அப்படித்தான். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று நாம் சொல்வது ஒரே விஷயம் போலத் தோன்றினாலும் அதற்குள் தனித்தனியாக நான்கு வேலைகள் இருக்கின்றன. தூரத்தில் உள்ள சின்ன விவரத்தைப் பிரித்துப் பார்ப்பது, நேராகப் பார்க்கும்போதே பக்கவாட்டில் வருவதைக் கவனிப்பது, நிறத்தை அடையாளம் காண்பது, எது கிட்டே எது தள்ளி என்று கணிப்பது. ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் நன்றாக இருக்கலாம். பழுதான ஒன்று மற்ற மூன்றின் தயவில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

கூர்மை: 6/12 என்றால் பாதிப் பார்வை இல்லை

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் எழுத்துகள் உள்ள பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-ல் உருவாக்கியது அது. அவர் பெயரிலேயே ஸ்நெல்லன் பலகை என்கிறார்கள். அது அளப்பது பார்வைக் கூர்மையை, அதாவது எவ்வளவு சிறிய விவரத்தைக் கண் பிரித்துப் பார்க்கிறது என்பதை.

சீட்டில் 6/6, 6/12 என்று எழுதுவார்கள். முதல் எண், பலகைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள மீட்டர். இரண்டாவது எண், நீங்கள் படித்த அதே எழுத்தை இயல்பான பார்வை உள்ளவர் எத்தனை மீட்டர் தள்ளி நின்று படிப்பார் என்பது. ஆக 6/12 என்றால், அவர் 12 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது. இதைப் பின்னமாகக் கணக்குப் போட்டு "ஐம்பது சதவீதம்தான் பார்வை இருக்கு" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. 6/12 உள்ளவர் முகம் பார்க்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், அன்றாட வேலை எல்லாம் செய்கிறார். அமெரிக்காவில் இதையே அடிக்கணக்கில் 20/40 என்று எழுதுவார்கள். 20 அடி ஏறக்குறைய 6 மீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சாலைக்குக் கொண்டு வருவோம். இயல்பான பார்வை உள்ளவர் 100 மீட்டரில் படித்துவிடும் ஒரு பெயர்ப்பலகையை 6/12 உள்ளவர் 50 மீட்டரில்தான் படிப்பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடும். முதலாமவருக்கு முடிவெடுக்க ஆறு நொடி, இரண்டாமவருக்கு மூன்று நொடி. லோடு ஏற்றிய வண்டியில் மூன்று நொடி என்றால் என்னவென்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுப் படிவங்களில் 6/12 என்ற எண்ணே கிடையாது. நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போது ஏதோ குத்துமதிப்பான சோதனை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர் என்று விதி இருக்கிறது. 25 மீட்டரில் ஒரு எழுத்தைப் படிக்க, 6/6 பார்வைக்கு அது சுமார் 36 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். 6/12 பார்வைக்கு 73 தேவை. 65 என்பது 73-க்குச் சற்றுக் கீழே வருகிறது. ஆக டிஎன் 23 என்று எழுதிய ஒரு பிளேட்டை 25 மீட்டரில் தடுமாறாமல் படிப்பவருக்கு 6/12-ஐவிடக் கொஞ்சம் நல்ல பார்வையே இருக்கிறது. உலகத்தில் பல நாடுகள் வைத்திருக்கும் அளவுக்குப் பக்கத்தில்தான் நம் ஊர்ச் சோதனையும் நிற்கிறது. ஒழுங்காக நடத்தினால்.

இனி அந்தக் கண்ணாடிப் பேச்சு. "எனக்கு மைனஸ் மூணு, லைசென்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இரண்டு வேறு எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். மைனஸ் மூன்று என்பது கண்ணாடியின் பவர். 6/12 என்பது அந்தக் கண்ணாடியைப் போட்ட பிறகு என்ன தெரிகிறது என்பது. விதி கேட்பது இரண்டாவதை. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. மைனஸ் ஐந்தில் 6/6 தெரிபவருக்குத் தடை இல்லை. கண்ணாடியே தேவையில்லை என்று வீறாப்பாக இருந்துகொண்டு 6/18 பார்ப்பவர் தேறமாட்டார்.

கண்ணாடியின் பவருக்கே வரம்பு வைத்த நாடும் உண்டு. பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுபவர்களின் கண்ணாடி பிளஸ் 8-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவு தடித்த பிளஸ் கண்ணாடி நடுவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் போல ஓரப் பகுதியை மறைத்துவிடும். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழக்கம் வருவதற்கு முன் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும்.

பார்வைப் புலம்: பலகையில் தெரியாத குறை

நேராக ஒரு புள்ளியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்துப் பாருங்கள். அது எந்த விரல் என்று தெளிவாகத் தெரியாது, ஆனால் ஏதோ அசைகிறது என்று தெரியும். தலையையும் கண்ணையும் அசைக்காமல் இப்படி எட்டுகிற மொத்தப் பரப்புக்குப் பெயர் பார்வைப் புலம். ஒரு கண்ணுக்கு மூக்குப் பக்கம் சுமார் 60 டிகிரி, காதுப் பக்கம் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு கண்ணும் சேர்ந்தால் ஏறக்குறைய 180 டிகிரி, அதாவது அரை வட்டம்.

இந்த ஓரப் பார்வைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அசைவைப் பிடிப்பதுதான் அதன் வேலை. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறுகிற டூவீலரை முதலில் பார்ப்பது அதுதான். அது "அங்கே என்னமோ வருது" என்று சொன்ன பிறகுதான் கண் அந்தப் பக்கம் திரும்பிக் கூர்மையாகப் பார்க்கிறது.

கண்ணில் நீர் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிற குளோக்கோமா என்ற நோய், பெரும்பாலும் இந்த ஓரப் பார்வையிலிருந்துதான் ஆரம்பிக்கும். நடுப்பார்வை கடைசி வரை தப்பிக்கலாம். அப்படிப்பட்டவர் ஸ்நெல்லன் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டு 6/6 என்று சீட்டு வாங்கிப் போவார். ஓரத்தில் கறுப்பாகத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. இல்லாத இடத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடும். அந்த டிரைவர் சொல்வதெல்லாம் "அந்தப் பையன் எங்கிருந்து வந்தான்னே தெரியல சார்" என்பதாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

நம் எல்லோர் கண்ணிலும் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது. நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதைக் குருட்டுப் புள்ளி என்பார்கள். பார்க்கும் திசையிலிருந்து காதுப் பக்கம் சுமார் 15 டிகிரி தள்ளி, ஐந்து டிகிரி அகலத்துக்கு இருக்கும். ஐந்து டிகிரி என்றால் 25 மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டர் அகலம், குறுக்கே போகும் ஒரு பைக்கின் நீளம். இரண்டு கண் இருக்கும்போது ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடுவதால் தெரிவதில்லை. ஒரு கண் மட்டும் உள்ளவர் கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

நிறம்: சிக்னல் மட்டுமா பிரச்சினை?

விழித்திரையில் நிறத்தை உணர்வதற்கென்று மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை இல்லாமலோ சரியாக வேலை செய்யாமலோ போவதுதான் நிறக்குறைபாடு. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண்களுக்கு அதிகம், சிவப்பு–பச்சைக் குழப்பமே பரவலானது. "கலர் பிளைண்ட்" என்றதும் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைப்பது தவறு. அப்படித் தெரிவது மிக அபூர்வம்.

சிக்னலில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை என்று இடத்தை வைத்தே சமாளிக்கலாமே என்பார்கள். பகலில், தனியாக நிற்கிற சிக்னலில், சமாளிக்கலாம். சிவப்புக் கூம்பு வேலை செய்யாதவருக்கு உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அவருக்குச் சிவப்பு நிறம் மாறித் தெரிவதோடு மங்கலாகவும் தெரியும். முன்னே போகிற வண்டியின் பிரேக் லைட்டும், ரோட்டோரம் பஞ்சராகி நிற்கிற லாரியின் டெயில் லைட்டும் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் அவர் கண்ணில் படும். இதில் மேலே கீழே என்ற இடக்குறிப்பு உதவாது.

புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் படங்கள் ஜப்பானின் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை. அவை மிக நுணுக்கமானவை, லேசான குறையைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் தோற்ற பலர் உண்மையான சிக்னல் விளக்கைச் சரியாகச் சொல்வார்கள். அதனால்தான் அமெரிக்க லாரி விதி, சிவப்பு, பச்சை, மஞ்சள் சிக்னல் நிறங்களை அடையாளம் காண முடிகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இந்தியாவும் 2020 ஜூனில், லைசென்ஸுக்கான ஃபார்ம் 1, ஃபார்ம் 1ஏ என்ற உடல்தகுதிப் படிவங்கள் இரண்டையும் திருத்தி, லேசான மற்றும் நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்கள் லைசென்ஸ் பெற வழி செய்தது. கடுமையான குறைபாட்டுக்குத் தடை நீடிக்கிறது. இந்தத் திருத்தம் தெரியாமல், பள்ளிக்கூடத்தில் யாரோ "உனக்கு கலர் பிளைண்ட்" என்று சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமலே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு கண் எதற்கு?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். தடுமாறும். இரண்டு கண்ணும் சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் இரண்டிலும் சற்றே வேறான படம் விழுகிறது. அந்த வேறுபாட்டை வைத்து மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இருகண் ஆழ உணர்வு என்று பெயர்.

இப்போது அதே ஒரு கண்ணோடு தூரத்து மலையையும் அதற்கு முன்னால் வருகிற பஸ்ஸையும் பாருங்கள். எது கிட்டே எது தள்ளி என்பதில் ஒரு சந்தேகமும் வராது. தூரம் கூடக் கூட இருகண் வேறுபாடு மிக வேகமாகச் சிறுத்துப் போகிறது. அங்கே மூளை வேறு குறிப்புகளைப் பயன்படுத்துகிறது. தெரிந்த பொருளின் அளவு எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது, எது எதை மறைக்கிறது, நாம் நகரும்போது எது வேகமாகப் பின்னால் போகிறது. இவற்றுக்கெல்லாம் ஒரு கண் போதும்.

அதனால் ஒரு கண் இழந்தவருக்கு நெடுஞ்சாலை ஓட்டத்தைவிட, குடோன் வாசலில் ரிவர்ஸ் எடுத்து லோடு இறக்கும் மேடையில் ஒட்டி நிறுத்துவதுதான் கஷ்டம். அதோடு போன கண்ணின் பக்கம் ஓரப் பார்வையில் சுமார் 30 டிகிரி குறையும். இதற்கும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். தலையை அதிகம் திருப்புகிறார்கள், வண்டியின் பக்கக் கண்ணாடியை அடிக்கடி பார்க்கிறார்கள். ஆனால் பழக மாதக்கணக்கில் ஆகும். சிறு வயதிலேயே கண் போனவருக்கும் போன மாதம் கண் போனவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், விலக்கு விதிகள் எல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

இதுவரை பார்த்தது: கூர்மை, புலம், நிறம், ஆழம் ஆகிய நான்கும் தனித்தனி. முதல் மூன்றுக்கும் சாலையில் மாற்று வழி குறைவு. ஆழ உணர்வுக்கு மட்டும் மூளையிடம் வேறு வழிகள் உண்டு, கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும்.

நம் ஊர் விதி

1988 மோட்டார் வாகனச் சட்டமும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான் இங்கே அடிப்படை. சொந்த வண்டி ஓட்டுகிறவர் தன் உடல்நிலையைத் தானே எழுதிக் கொடுப்பது ஃபார்ம் 1. சரக்கு வண்டி, பஸ் போன்ற டிரான்ஸ்போர்ட் வாகனத்துக்கு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அது ஃபார்ம் 1ஏ. நம்பர் பிளேட், நிறக்குறைபாடு, மாலைக்கண் ஆகியவை பற்றிய கேள்விகள் இவற்றில் இருக்கின்றன. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குச் செல்லும், முன்பு மூன்று. ராணிப்பேட்டை ஆலைகளுக்கு ஆசிட் டேங்கர் ஓட்டுகிறவர்களைப் போல அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு மட்டும் மூன்று வருடம்.

ஒரு கண் இழந்தவருக்கான விலக்கு ஃபார்ம் 1-க்குள்ளேயே ஒரு நீண்ட வாக்கியமாக ஒளிந்திருக்கிறது. பிரித்துச் சொன்னால் இவ்வளவுதான்: குறைந்தது ஐந்து வருடம் லைசென்ஸ் வைத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு கண் பார்வையை இழந்தவர், மற்ற கண்ணால் நம்பர் பிளேட் சோதனையில் தேறினால், ஸ்டியரிங் பக்கம் வெளிக் கண்ணாடி பொருத்திய இலகு ரக வண்டியை ஓட்டலாம். அது டிரான்ஸ்போர்ட் வண்டியாக இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் கவனிப்பதில்லை. சொந்தக் கார் ஓட்டலாம். ஆனால் வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிற குட்டி யானை, உருவத்தில் சிறியதாக இருந்தாலும், டிரான்ஸ்போர்ட் வண்டி. அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. பெரிய லாரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக, "ஸ்டியரிங்கையே தொட முடியாது" என்ற டீக்கடைத் தீர்ப்பு லாரிக்குச் சரி, காருக்குத் தவறு.

என் அபிப்பிராயத்தில் நம் விதியின் பலவீனம் அதன் கடுமையிலோ தளர்விலோ இல்லை. பார்வைப் புலத்தை அது அளக்கச் சொல்லவே இல்லை. கையெழுத்திடுகிறவர் கண் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம்பர் பிளேட்டைக் காட்டாமலேயே, ஆளை நிமிர்ந்து பார்க்காமலேயே ஃபார்மில் கையெழுத்து விழுகிற கதைகள் டிரைவர்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

அமெரிக்கா உண்மையில் என்ன செய்கிறது

அங்கே மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி டிரைவருக்கு மத்திய அரசின் அளவுகோல் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 20/40, கண்ணாடியோடு இருந்தாலும் சரி. இரண்டு கண்ணும் சேர்ந்தும் 20/40. ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைமட்டப் புலம் குறைந்தது 70 டிகிரி. சிக்னல் நிறங்கள் தெரிய வேண்டும். "ஒவ்வொரு கண்ணிலும்" என்ற சொல்லாலேயே ஒரு கண் உள்ளவர் வெளியே போய்விடுகிறார்.

ஆனால் ஒரு மாநிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தந்த மாநிலம் தன் விதியை வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இருந்தால் காட்பாடி வரை லாரி ஓட்டலாம், சித்தூர் எல்லையைத் தாண்டினால் லைசென்ஸ் செல்லாது என்கிற மாதிரி ஆகும். அமெரிக்காவில் அப்படித்தான் இருந்தது, அந்த விநோதத்தின் மேல்தான் விலக்கும் கட்டப்பட்டது.

1992-ல் ஒரு கண் பார்வை குறைந்த டிரைவர்களைச் சோதனை முறையில் ஓட்டவிட்டுக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-ல் நீதிமன்றம் அதைச் செல்லாதது என்றது. ஏற்கெனவே அதில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை மட்டும் தொடர விட்டார்கள். 1998-ல் வந்த சட்டம் தனி நபர்களுக்கு விலக்கு தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. விண்ணப்பிப்பவர் அதே கண் குறையோடு மூன்று வருடம் லாரி ஓட்டிய அனுபவத்தையும் நல்ல ஓட்டுநர் பதிவையும் காட்ட வேண்டும். மாநிலம் தாண்டக் கூடாது என்றால் அனுபவம் எங்கிருந்து வரும்? மாநிலத்துக்குள் ஓட்டியதிலிருந்துதான். எந்த மாநிலம் ஒரு கண் உள்ளவரை அனுமதிக்கவில்லையோ அங்கே வசிப்பவருக்கு விலக்குக் கதவு திறக்கவே திறக்காது. விண்ணப்பங்கள் அரசிதழில் வெளியாகும், பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லலாம். கிடைத்த விலக்கு இரண்டு வருடத்துக்குத்தான்.

2022 மார்ச் 22 முதல் இந்த முறை முடிவுக்கு வந்தது. இப்போது அங்கே இருப்பது மாற்று அளவுகோல். மோசமான கண் தேறாவிட்டாலும், நல்ல கண்ணில் 20/40-ம் 70 டிகிரிப் புலமும் இருக்க வேண்டும். நிறம் தெரிய வேண்டும். குறை மேலும் மோசமாகாமல் நிலையாக நிற்க வேண்டும். அதற்குப் பழக டிரைவருக்குப் போதிய காலம் ஆகியிருக்க வேண்டும். கடைசி இரண்டையும் கண் நிபுணர் பார்த்து எழுத்தில் தர வேண்டும், அவர் கையெழுத்திட்ட 45 நாட்களுக்குள் லாரி டிரைவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை தொடங்கியாக வேண்டும். புதிதாக வருகிறவரை வேலைக்கு எடுக்கும் கம்பெனி சாலையில் ஓட்டச் சொல்லிச் சோதிக்க வேண்டும், முன்பே மூன்று வருடம் அப்படி ஓட்டிய அனுபவம் உள்ளவர் போன்ற சிலருக்கு அது தேவையில்லை. இவை எல்லாம் ஒரு தடவையோடு முடியாது, கண் பரிசோதனை வருடா வருடம் உண்டு.

டீக்கடையில் சொல்லப்படுகிற "ஒத்தக் கண்ணோட ஓட்டுறானாம்" என்பதன் முழு வடிவம் இதுதான். கவனித்துப் பார்த்தால் கூர்மை, புலம், நிறம் மூன்றிலும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல கண் அவை மூன்றையும் முழுசாகத் தர வேண்டும். விட்டுக்கொடுத்தது இரண்டாவது கண்ணை மட்டும், அதுவும் மூளை பழகிவிட்டது என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்ன பிறகு. பிரிட்டன் இதையும் ஏற்பதில்லை. அங்கே புதிதாக லாரி லைசென்ஸ் கேட்பவருக்கு நல்ல கண்ணில் 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60 இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்த புலம் 160 டிகிரி. ஒரே கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விடை வைத்திருக்கின்றன, இரண்டுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது. எனக்கு அமெரிக்க வழி நியாயமாகப் படுகிறது, ஆனால் வருடாந்தரப் பரிசோதனை என்ற கண்ணி அறுந்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது.

பலகைக்கு வெளியே: இரவும் சாயங்கால வெயிலும்

இந்த எல்லாச் சோதனையும் நல்ல வெளிச்சத்தில் நடக்கிறது. லாரியோ ராத்திரியில் ஓடுகிறது.

எதிரே ஹை பீமில் வருகிற வண்டி கடந்த பிறகு சில நொடிகள் ஒன்றும் தெரியாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். வயது கூடக் கூட அந்த நொடிகள் நீளும். கண்புரை ஆரம்பித்திருந்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளி சிதறும். பகலில் 6/9 படிப்பவருக்கு ராத்திரி எதிர் லைட் வண்டியின் முன் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். மாலைக்கண் வேறு. அது இருட்டுக்குக் கண் பழகவே மறுப்பது. படிவம் அதைக் கேள்வியாகக் கேட்கிறது, யாரும் இருட்டறையில் வைத்து அளப்பதில்லை.

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற சாலை மேற்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்ந்து போகிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே திசையில். அந்த நாட்களில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பெங்களூரு பக்கம் போகிறவருக்கு வெயில் ரோட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அழுக்குப் படிந்த முன் கண்ணாடியும் கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடியும் சேர்ந்தால் 6/6 என்ற சீட்டு பையில் இருந்து பயன் இல்லை.

டிரைவர் தானே செய்துகொள்ளக் கூடியது

லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், கண் அதுவரை காத்திருக்காது. 1988 சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, ஓட்டத் தகுதியில்லாத நோயோ குறையோ இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் இடையிலேயே லைசென்ஸை ரத்து செய்யலாம். நடைமுறையில் விபத்து நடந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழும்.

நாற்பது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுவது நல்லது. வேலூரில் ஷெல் ஆஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் சி.எம்.சி. கண் பிரிவு இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனால் "பவர் மட்டும் பாருங்க" என்று சொல்லாதீர்கள். நான் லாரி ஓட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் மெல்ல மங்கிக்கொண்டே வருவதை இன்னொரு கண் மறைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது குளோக்கோமா இருந்தால் புலச் சோதனையும் கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வருடா வருடம் வேண்டும். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கும்போது பெரும்பாலும் பார்வை மங்குவதில்லை. மங்க ஆரம்பித்தபோது நோய் பாதி வழி வந்திருக்கும். அந்தப் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை கலங்கும். அன்றைக்கு வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.